எதிரிக்குச் சோறு போட்ட டிக்ரிதாரர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வழக்குத் தொடுத்தவள் தாயாரம்மாள். அப்போது அவளுக்கு வயது மூன்று. எதிரி, அவளுடைய தகப்பன்.

அதற்கு முன் எங்கள் வம்சத்தில் தகராறே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். பாகத் தகராறு வந்திருக்கிறது, வாய்க்கால் தகராறு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் திருப்பாச்சூர் கோயில் வாசலில் நின்று பேசித் தீர்த்துக்கொண்டோமே தவிர, கறுப்புக் கோட்டைத் தேடிப் போனதில்லை. அந்த வழக்கத்தை உடைத்தவன் என் தம்பி மகன் ராஜவேலு. தம்பி காலமான பிறகு நான் முன்நின்று அவனுக்கு எல்லம்மாவைக் கட்டி வைத்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் முளைக்கத் தொடங்கிய காலம். ஓர் இரும்பு ஆலையில் வேலை கிடைத்துப் போனவன் முதலில் வாரம் ஒருமுறை வந்தான். பிறகு மாதம் ஒருமுறை வந்தான். பிறகு பொங்கலுக்கு வருகிறேன் என்றான். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை. அங்கே அவன் மணிக்கட்டில் கடிகாரமும் தோளில் டிரான்சிஸ்டரும் தொங்குவதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இங்கே எல்லம்மா செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் நெல் அனுப்பினேன். எல்லம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். கேட்கப் போனபோது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னாள்:

“அப்பங்காரன் சம்பாதிக்கசொல்ல எம் பொண்ணு எதுக்கு மாமா இன்னொருத்தர் ஊட்டு நெல்ல துன்னணும்?”

எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. குழந்தைக்கு இட்டிருந்தது என் தாயின் பெயர். அந்தப் பெயர் ஊரார் இரக்கத்தில் வளரக் கூடாது. பெற்றவன் போடும் சோற்றில்தான் வளர வேண்டும். அதை வாங்கிக் கொடுப்பதற்காகத்தான் நாங்கள் கோர்ட்டுக்குப் போனோம். வேறு எதற்காகவும் இல்லை. இதை நான் இங்கே அழுத்திச் சொல்லக் காரணம், பின்னால் இது எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

அது ஒரு தற்காலிகக் கூடுதல் முன்சீப் கோர்ட்டு. மணவாள நகரில் மூடிக்கிடந்த நெல் மில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார்கள். முன்சீப் உட்காரும் நாற்காலிக்கு மேலே சுவரில், ‘ஓடும்போது கை வைக்காதே’ என்ற மில் காலத்து எச்சரிக்கை அழியாமல் இருந்தது. வழக்குக் கூப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. முன்சீப்புக்கு எதிரில் நிற்பவரை, சிவப்பு டவாலி போட்ட சேவகர் வாசலுக்குப் போய், வீதியைப் பார்த்து மூன்று முறை கூப்பிடுவார். எதிரில் நிற்பவர் உடனே வெளியே ஓடி, கூப்பிடப்பட்டவராக மறுபடி உள்ளே வர வேண்டும். என் தாயின் பெயரை என் தகப்பனார்கூட உரக்கச் சொன்னதில்லை. அதைச் சேவகர் ரயில் பாதை வரைக்கும் கேட்கும்படி மூன்று முறை கூவினார். எல்லம்மா இடுப்பில் குழந்தையோடு வெளியே ஓடி உள்ளே வந்தாள்.

ராஜவேலு கிழிந்த சட்டையில் வந்திருந்தான். தான் அன்றாடங்காய்ச்சி, தன்னுடையது கஞ்சிக்கே வழியில்லாத பரம்பரை என்று சத்தியம் செய்தான். எங்கள் பரம்பரையைப் பற்றி அவன் அப்படிச் சொன்னபோது நான் எழுந்தேன். எங்கள் வக்கீல் ஸம்பத்குமார் என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

முன்சீப் தீர்ப்புச் சொன்னார். நல்ல தமிழ். இப்படி இருந்தது:

“குழந்தையின் பசி எவ்வளவு என்பதைத் தகப்பனின் அந்தஸ்தைக் கொண்டுதான் கோர்ட்டு அளக்க முடியும். இந்தத் தகப்பனுக்கு அந்தஸ்து ஏதும் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே இந்தக் குழந்தைக்கு மாதம் முப்பது ரூபாய்க்கு மேல் பசி இருக்க நியாயமில்லை.”

முப்பது ரூபாய் ஜீவனாம்சம் டிக்ரி ஆயிற்று. அன்று முதல் தாயாரம்மாளுக்கு டிக்ரிதாரர் என்று பெயர். எல்லம்மா கும்பிட்டுவிட்டு, பணத்தை எந்த ஜன்னலில் வாங்கிக்கொள்வது என்று குமாஸ்தாவைக் கேட்டாள். சுற்றியிருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். டிக்ரி என்பது வேறு, பணம் என்பது வேறு, டிக்ரியைப் பணமாக்க நிறைவேற்று மனு என்று ஒன்று தனியாகப் போட வேண்டும் என்று ஸம்பத்குமார் விளக்கினார். அதற்குப் பேட்டா கட்ட வேண்டும். பேட்டா என்றால் என்ன என்று எல்லம்மா கேட்டாள். கோர்ட்டில் யாருடைய கால் நடந்தாலும், யாருடைய வாய் மென்றாலும் அதற்கு நாம் கட்டுவது பேட்டா என்றார் அவர்.

நிறைவேற்றுவதற்குக் கோர்ட்டின் ஜப்திச் சிப்பந்தியான அமீனா யேசுதாஸ் நியமிக்கப்பட்டார். ராஜவேலுவின் சொத்தை ஜப்தி செய்ய, எங்கள் பேட்டாவில், திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனார். திரும்பி வந்து அறிக்கை கொடுத்தார். ‘எதிரியின் வீட்டில் எதிரியிடமே விசாரித்ததில், எதிரி ஊரில் இல்லை என்று தெரியவந்தது.’

நான் யேசுதாஸை மில்லுக்கு வெளியே டீக்கடையில் பிடித்தேன். இல்லை என்று சொன்னவனே ராஜவேலுதானே என்றேன். அவர் ஒளிக்கவில்லை.

“தெரியும் பெரியவரே. டீகூட வாங்கிக் குடுத்தாரு. ஆனா அவரே தான் இல்லன்னு சொல்லசொல்ல நான் இன்னா பண்றது? அவரப் பத்தி அவர விட எனக்கு ஜாஸ்தி தெரியுமா?”

அறிக்கையை முன்சீப் பாராட்டினார். எதிரி இல்லாத நிலையிலும் எதிரியைச் சந்தித்து விசாரித்த அமீனாவின் முயற்சியைப் பதிவு செய்தார். சைக்கிள் என்பது தொழிலாளியின் கருவி, ஜப்தி செய்யலாகாது. டிரான்சிஸ்டர் நண்பனுடையது. கடிகாரம் கையோடு ஒட்டியிருந்தபடியால் உடம்பின் பகுதியாகக் கருதப்பட்டது. ஆலைக்குச் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி எழுதினார்கள். ராஜவேலு தங்களிடம் வேலை செய்வதில்லை, தங்களிடம் வேலை செய்யும் காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிறான் என்று ஆலை பதில் எழுதியது. காண்ட்ராக்டருக்கு எழுதினார்கள். தன்னிடம் அவன் வேலை செய்வதில்லை, ஆலையில்தான் செய்கிறான் என்று அவர் எழுதினார். இரண்டு பதிலும் ஒன்றையொன்று ஆதரிப்பதாக முன்சீப் கருதினார்.

மிச்சமிருந்தது கைது. பணம் கொடுக்க மறுப்பவனைச் சிவில் சிறையில் அடைக்கலாம். இதிலும் சட்டம் ஜாக்கிரதையாக இருந்தது. பொழுது சாய்ந்தபின் யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. பகலில் நுழையலாம், ஆனால் வாசற்கதவை உடைக்கக் கூடாது. ராஜவேலுவுக்கு ராத்திரி ஷிப்டு. பகலெல்லாம் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்குவான். ராத்திரியில் வீதியில் பிடிக்கலாமே என்றேன். ஐந்து மணிக்கு மேல் தனக்கு அமீனா உத்தியோகம் இல்லை, தான் வெறும் யேசுதாஸ்தான் என்றார் யேசுதாஸ். மூன்று தடவை போய் மூன்று தடவை கதவைப் பார்த்துவிட்டு வந்தார். கதவு உறுதியானது என்று எழுதினார்.

நாலாவது தடவை நானும் போனேன். மத்தியான வெயில். தாழ் போட்ட கதவு. நான் வீதியில் நின்று, “ராஜவேலு,” என்றேன். சத்தம்கூடப் போடவில்லை. உள்ளே பாய் சுருட்டும் ஓசை கேட்டது. கைலியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே கதவைத் திறந்து, “வாங்க பெரிப்பா, வெய்யில்ல நிக்கறீங்களே,” என்றான். எவ்வளவு கெட்டுப்போனாலும் எங்கள் வீட்டுப் பிள்ளை பெரியவர்களை வாசலில் நிற்க வைக்க மாட்டான். யேசுதாஸ் அவன் தோளில் கையை வைத்தார். வழி முழுக்க ராஜவேலு என்னோடு பேசவில்லை. பேசின் பிரிட்ஜில் மட்டும் எனக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தான்.

இனிப் பணம் வந்துவிடும் என்று எல்லம்மா நம்பினாள். கோர்ட்டுக்குக் குழந்தைக்குப் பவுடர் போட்டுக் கூட்டி வந்திருந்தாள். டவாலி கூவினார், அவள் வெளியே ஓடி உள்ளே வந்தாள். முன்சீப் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எதிரியின் சாப்பாட்டுப் பேட்டாவை டிக்ரிதாரர் கட்டியாயிற்றா என்று கேட்டார்.

எல்லம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஸம்பத்குமார் தரையைப் பார்த்தார். முன்சீப் பொறுமையாக விளக்கினார். சிவில் சிறையில் இருப்பவன் குற்றவாளி அல்ல, கடன்காரன். அவனுக்கு அரசாங்கம் சோறு போடாது. யாருடைய டிக்ரிக்காக உள்ளே இருக்கிறானோ அவர்தான் மாதாமாதம் முன்பணமாகச் சோற்றுக்குக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் விட்டுவிடுவார்கள்.

“யாரு கட்டணும் சாமி?” என்றாள் எல்லம்மா.

“டிக்ரிதாரர்.”

எல்லம்மா இடுப்பிலிருந்த டிக்ரிதாரரைப் பார்த்தாள். டிக்ரிதாரர் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

“இது பசிக்கு அவரு குடுக்கலன்னுதான சாமி வந்தோம். அவரு பசிக்கு இது குடுக்கணுமா?”

“கோர்ட்டின் காவலில் இருப்பவர் பசித்திருக்கக் கூடாது அம்மா. அது நாகரிகமல்ல. குழந்தை கோர்ட்டின் காவலில் இல்லை.”

“அப்ப கொழந்தைய உள்ள வெச்சிக்கினு அந்தாள வெளிய உடுங்க. அவரு பேட்டா கட்டட்டும்.”

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. முன்சீப் அதை ஒரு வேண்டுகோளாகவே எடுத்துக்கொண்டு, இரண்டு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பெண்குலத்துக்குச் சட்டம் அளித்திருக்கும் இந்தப் பாதுகாப்பை மூன்று வயதுக் குழந்தை தானாகவே விட்டுக்கொடுக்கவும் முடியாது என்றார்.

அடுத்து, எவ்வளவு பேட்டா என்ற விசாரணை. கைதியின் அந்தஸ்துக்குத் தக்கபடி மூன்று தரம் உண்டு. மூன்றாம் தரத்துக்குக் களி. இரண்டாம் தரத்துக்குச் சோறு, குழம்பு. முதல் தரத்துக்குச் சோறு, குழம்பு, மோர், தினம் ஒரு முட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. ராஜவேலு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கூண்டில் ஏறினான். தான் பெரிய குடும்பத்துப் பிள்ளை என்றான். கோயிலில் தன் பாட்டனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள் என்றான். களியைத் தன் உடம்பு தாங்காது என்றான்.

ஸம்பத்குமார் துள்ளி எழுந்தார். இதே எதிரி இதே கூண்டில் கஞ்சிக்கு வழியில்லாத பரம்பரை என்று சத்தியம் செய்ததை நினைவுபடுத்தினார். முன்சீப் அவரைக் கனிவோடு பார்த்தார்.

“அது அசல் வழக்கு. இது நிறைவேற்று மனு. அசல் வழக்கில் அந்தஸ்து இல்லாதவருக்கு நிறைவேற்று மனுவில் அந்தஸ்து இருக்கக் கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. குடும்பத்து மூத்தவர் ஒருவர் சொல்லட்டும்.”

அப்படித்தான் நான் கூண்டில் ஏறினேன். சத்தியம் வாங்கினார்கள். உம்முடைய குடும்பம் கௌரவமான குடும்பமா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் என்றார் முன்சீப். ஸம்பத்குமார் கண்ணாலும் புருவத்தாலும் என்னைக் கெஞ்சினார். இல்லை என்ற ஒரு சொல்லில் ராஜவேலு களிக்குப் போவான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் பாட்டனாரையும் தகப்பனாரையும் நெல் மில்லில் வைத்து ஒரு களி உருண்டைக்காக விற்க என்னால் முடியாது.

“ஆம்,” என்றேன்.

பரிவட்டம் உண்மையா என்றார். ஆம் என்றேன். வீட்டுக்கு வந்தவர் யாராவது பசியோடு திரும்பியதுண்டா என்றார். எங்கள் வீட்டில் அது கிடையாது என்றேன். ராஜவேலு என்னை நன்றியோடு பார்த்தான். பிடிபட்டதிலிருந்து அவன் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதல் தரம். மாதம் தொண்ணூறு ரூபாய். மெத்தை, தலையணை தனி.

வெளியே வந்ததும் ஸம்பத்குமார் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஓய், நீர் சொன்ன ஒவ்வொரு ஆமாமுக்கும் இருபது ரூபாய் ஏறித்து. இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருந்தால் அவனுக்குப் பாயசம் போட வேண்டியிருக்கும்.”

சொன்ன சொல்லுக்கு நான்தான் பொறுப்பு. அந்தப் போகத்து நெல்லை விற்று முதல் மாதப் பேட்டாவை நானே கட்டுகிறேன் என்றேன். எல்லம்மா இந்தத் தடவை மறுக்கவில்லை. மறுக்க அவளுக்குத் தெம்பில்லை. ஆறு மாதம் வரை அவனை உள்ளே வைக்கலாமாம். இரண்டாவது மாதத்துக்கு என்னிடமும் நெல் இல்லை. அதற்குள் அவன் மனம் மாறாவிட்டால் வெளியே போய்விடுவான். டிக்ரி சுவரில் மாட்டத்தான் உதவும்.

சிவில் சிறை, கோர்ட்டுக்கு அடுத்த சந்தில் பழைய மாட்டாஸ்பத்திரியில் இருந்தது. அதற்குத் தலைமைக் காவலர் ராஜமாணிக்கம். கைதி ராஜவேலு ஒருவன்தான். ஒரே கைதி என்பதால் ராஜமாணிக்கத்துக்கு அவன்மேல் அருமை அதிகம். வாரத்துக்கு ஒரு தாக்கீது எங்களுக்கு வந்தது. தலையணை இலவம்பஞ்சாக இருக்க வேண்டும். கைதிக்கு மாற்று வேட்டி இல்லை. கைதிக்கு எண்ணெய் ஸ்நானம் தேவை, எண்ணெய் அனுப்பவும். எல்லம்மா வேட்டியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது நானும் கூட இருந்தேன். ராஜவேலு வேட்டியை விரித்துப் பார்த்து, கரை சரியில்லை என்றான். சாயங்காலம் வெற்றிலைக்கும் ஏற்பாடு செய்தால் தேவலை என்றான். எல்லம்மா வேட்டியை வாங்கி மடித்து மறுபடி கம்பிக்கு உள்ளே வைத்தாள். பிறகு ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினாள்.

“இதத்தான்யா நான் ஊட்ல செஞ்சிக்கினு இருந்தேன். இதுக்கு எதுக்கு ஒரு கோர்ட்டு?”

அந்த நேரத்தில் சாப்பாடு வந்தது. எவர்சில்வர் தட்டில் சோறு, குழம்பு, மோர், முட்டை. தாயாரம்மாள் எல்லம்மாவின் இடுப்பிலிருந்து சறுக்கி இறங்கினாள். கம்பிக் கதவின் இடைவெளி மாட்டைத் தடுக்க ஏற்றதாக இருந்ததே தவிரக் குழந்தையைத் தடுக்க ஏற்றதாக இல்லை. உள்ளே நுழைந்துவிட்டாள். தட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முட்டையை எடுத்தாள்.

ராஜவேலு காவலரைப் பார்த்தான். ராஜமாணிக்கம் எல்லம்மாவைப் பார்த்தார். வெளியாள் உள்ளே உட்காரக் கூடாது என்றார்.

“வெளியாளு யாரு?” என்றாள் எல்லம்மா. “அது டிக்ரிதாரரு. அது பேட்டா கட்டின சோறு. நல்லா இருக்குதான்னு பாக்க வேணாமா?”

ராஜமாணிக்கம் விதிப் புத்தகத்தை எடுத்து நின்றபடியே படித்தார். உட்கார்ந்து படித்தார். கைதி டிக்ரிதாரரைத் தாக்கக் கூடாது என்று இருந்தது. டிக்ரிதாரர் கைதியின் முட்டையைத் தின்னக் கூடாது என்று எங்கும் இல்லை. விதி இல்லாத இடத்தில் தடுத்தால் தன் உத்தியோகத்துக்கு ஆபத்து என்றும், எதற்கும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகவும் சொன்னார். மேலிடம் பதில் எழுதும் வேகம் எல்லோருக்கும் தெரியும்.

அன்று முதல் தினமும் சாப்பாட்டு வேளைக்கு எல்லம்மா குழந்தையைக் கொண்டுவந்து கம்பிக்கு உள்ளே விட்டாள். நான் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு குழந்தையின் கையைத் தட்டிவிட மாட்டான். முட்டை முழுவதும் அவளுக்குப் போயிற்று. மோர் போயிற்று. இன்னொரு தட்டு கேட்டான். பேட்டா ஒரு தட்டுக்குத்தான் என்றார் ராஜமாணிக்கம். முதல் சில நாள் மிச்சத்தைத் தின்றுகொண்டு முறைத்தான். பிறகு முந்திக்கொண்டு வேகமாகத் தின்று பார்த்தான்; குழந்தைக்கு விக்கல் எடுத்தது, அவனே தண்ணீர் கொடுக்க வேண்டி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறியில் இருந்த எலும்பைப் பொறுக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, சதையைப் பிய்த்து ஊதி அவள் பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கே தெரியவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் அவன் கம்பி அருகே வந்து தாழ்ந்த குரலில் பேசினான். கழுத்தெலும்பு தெரிந்தது.

“பெரிப்பா, இந்த சோறு ரெண்டு பேருக்குப் பத்தல. சேட்டு கடையில வாட்ச்ச வெச்சி பாக்கியக் கட்டிடறேன். மாசாமாசம் அனுப்பிடறேன். ரொம்ப பேஜாரா கீது. என்னிய வெளிய உடச் சொல்லுங்க.”

பாக்கியைக் கட்டினான். விடுதலைக்கு முன்சீப் நீண்ட உரை நிகழ்த்தினார். கல்நெஞ்சக்காரனையும் சட்டம் கனிய வைக்கும் என்பதற்கு இந்த வழக்கு ஓர் எடுத்துக்காட்டு என்றார். அமீனாவின் கடமையுணர்ச்சியையும், சிறையின் ஒழுங்கையும், முதல் தர உணவு கைதியின் உள்ளத்தில் ஏற்படுத்திய நல்ல மாற்றத்தையும் பாராட்டினார். செலவாகாமல் மீந்த பேட்டா யாரைச் சேரும் என்ற கேள்வி எழுந்தது. அது எதிரியின் வயிற்றுக்காகக் கட்டப்பட்டது. ஆகவே எதிரியைச் சேரும். டிக்ரிதாரருக்கு ஆட்சேபணை இருந்தால் தனியாக மனுப் போடலாம், பேட்டா கட்டி.

அதற்கப்புறம் மாதம் பிறந்தால் கும்மிடிப்பூண்டியிலிருந்து முப்பது ரூபாய் மணியார்டர் தவறாமல் வருகிறது. எல்லம்மா சூளைக்குப் போவதை நிறுத்தவில்லை. முப்பது ரூபாயில் முட்டைக்கு இடமில்லை. ஆனால் குழந்தை தின்பது அவள் அப்பன் சோறு. அந்த மட்டில் எங்கள் வீட்டுப் பேர் நின்றது.

முதல் மணியார்டர் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாயாரம்மாள் பவுடர் போட்டு, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு, நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து என் விரலைப் பிடித்து வீதிப் பக்கம் இழுத்தாள். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன்.

“தாத்தா, நைனா மறுபடி எப்ப ஜெயிலுக்குப் போவும்?”

அடுப்படியில் எல்லம்மா ஊதிக்கொண்டிருந்த குழல் நின்றது. வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.